பழைய சோற்று வடகம்

கந்தர்வக்கோட்டையில் எங்கள் வீட்டுக்குப் பாத்திரம் தேய்க்க வந்தவரை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். ஒல்லி உடம்பு, அதற்குப் பொருந்தாத பெரிய கைகள். காலையில் வந்ததும், எங்கள் பாத்திரங்களைத் தொடுமுன் தன் தூக்குச்சட்டியைத்தான் சாம்பல் போட்டுத் துலக்கிக் கவிழ்த்துவைப்பார்.

அரிசிக்குத் திண்டாடிய காலம். அம்மா ஒரு பிரசவத்துக்குத் துணையாகக் குடுமியான்மலைக்குப் போயிருந்தார். காலேஜ் லீவில் வந்திருந்த எனக்குச் சமையல் பொறுப்பு. ஒரு பருக்கைகூட வீணாகக் கூடாது என்று பத்திரிகையில் படித்த வேகத்தில், ராத்திரி மிஞ்சிய சோற்றையெல்லாம் மிளகாயோடு அரைத்து வடகம் போட ஆரம்பித்தேன். எனக்குக் கைவராததைப் பார்த்து, எதை அரைத்தேன் என்று கேட்காமலே அக்காதான் சிரித்துக்கொண்டே வாங்கி வேட்டியில் வரிசையாகக் கிள்ளிவைத்தார்.

நாலாம் நாள் கேட்டார்: "வீட்டுக்கு விருந்தாளி வந்திருக்காங்களா தம்பி? சோறு மிஞ்சவே காணோமே."

"மிச்சமெல்லாம் வடகத்துக்குப் போயிடுது. இனிமே மிஞ்சவே மிஞ்சாதுக்கா!" என்றேன் பெருமையாக.

"நல்லதுதான்" என்று காலிச் சட்டியோடு போனார்.

அம்மா வந்ததும் வடகத்தைக் காட்டினேன்.

"அடப்பாவி! அவ பிள்ளைகளுக்குக் காலைல அந்தப் பழையதுதானடா சாப்பாடு. அதையும் சேத்துத்தானே வேலைக்குப் பேசியிருக்கு!"

அன்றிரவு அம்மா இரண்டு பிடி கூடவே போட்டு வடித்தார். காலையில் நானே சோற்றை எடுத்துக்கொண்டு போனேன். அக்கா சட்டியை நீட்டவில்லை.

"வடகத்துக்கு வேணாமா தம்பி?"

அது கேலியாக இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். அவர் நிஜமாகவேதான் கேட்டார் என்று நினைக்கிறேன்.