மூன்று நாள் வராத கப்பல்

எங்கள் தீவில், ஹட் பேயில், நண்பன் வீட்டு விருந்தில் மதியமே குடித்துவிட்டு பைக் ஓட்டி, சைக்கிளில் வந்த முருகையாவின் காலை முறித்தவன் நான். போலீஸ் என்னையும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் ரத்தம் எடுக்க வைத்தது. அவருக்கு ஆபரேஷன், என் ரத்தத்துக்குப் பரிசோதனை. இரண்டுமே போர்ட் பிளேரில்தான். ஆனால் கடல் கொந்தளிப்பில் கப்பலும் இல்லை, ஹெலிகாப்டரும் இல்லை.

வக்கீல் போனில் சொன்னார்: "ரத்தம் போய்ச் சேர லேட்டாச்சுன்னா ரிப்போர்ட் கோர்ட்ல நிக்காது. குடிச்சேன்னு நீங்களா வாயத் திறக்காதீங்க. நிரூபிச்சா லைசென்ஸ் போகும், ஜெயிலும் இருக்கு."

மூன்று நாளும் காலையில் கப்பல் துறைக்குப் போய் நின்றேன். முருகையாவின் மனைவியும் வருவார்.

"மௌசம் சரியில்லையாம்ணா, இன்னைக்கும் ஷிப் கேன்சல்," என்றார் மூன்றாம் நாள். "தெரியாம இடிச்சிட்டீங்க. அதுக்காக எங்களோட தினமும் வந்து நிக்கிறீங்களே, அது போதும்."

நான் கடலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான்காம் நாள் முருகையா போன அதே கப்பலில்தான் என் ரத்தமும் போனது. வக்கீல் சொன்னபடியே ரிப்போர்ட் நிற்கவில்லை. குடித்திருந்தீர்களா என்று கோர்ட்டில் கேட்டபோது இல்லை என்றேன். இடித்ததற்கு மட்டும் அபராதம் போட்டு விட்டுவிட்டார்கள். முருகையாவின் கால் சரியாகக் கூடவில்லை. இழுத்து இழுத்துத்தான் நடக்கிறார்.

கடைத்தெருவில் பார்த்தால் அந்தம்மா இன்றும் என்னைக் கும்பிடுகிறார். அவரிடம் சொல்ல வாய் வராததை இங்கே எழுதுகிறேன். அந்த மூன்று நாளும், கப்பல் வந்துவிடக் கூடாது என்று வேண்டிக்கொண்டுதான் நான் கப்பல் துறையில் நின்றேன்.