மந்திரி வந்த றோட்டு

சென்ற கிழமை கிளிநொச்சியில் எங்கள் பஸ்ஸை மறித்துவிட்டார்கள். பஸ்ஸில் பழுது ஒன்றுமில்லை, யாரோ பெரியவர் வருகிறாராம். பண்டிகை விடுமுறைக்கு முதல் நாள், பஸ்ஸுக்குள் மூச்சு விட இடமில்லை. பக்கத்தில் இருந்த பெடியன் கைபேசியில் வரைபடத்தை நீட்டினான். "பாருங்கோ அம்மா, ஆனையிறவு வரைக்கும் றோட்டு சிவப்பாக் கிடக்கு." நான் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். வரவேற்பு வளைவு ஒன்று கட்டிக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் வெட்டிய வாழைக்குற்றியின் பச்சை மணம் உள்ளே வந்தது. உங்களுக்கு அது கலியாண வீட்டு மணமாக இருக்கலாம். எனக்கு அது மூக்கில் பட்டால் இன்றைக்கும் ஆத்திரம்தான் வரும்.

அறுபதுகளில் நான் புதுக்குடியிருப்பில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். சொந்த ஊர் உருத்திரபுரம். வரைபடத்தில் பார்த்தால் இரண்டும் கிட்டத்தான். ஆனால் விடுமுறை வந்தால் அந்தத் தூரம் இழுபட்டுக்கொண்டே போகும். வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் என்றால் வன்னி முழுவதும் முல்லைத்தீவுப் பக்கம் திரும்பிவிடும். வண்டிலும் பஸ்ஸும் காவடியும் ஒரே றோட்டில். மடு மாதா திருவிழா என்றால் பஸ்கள் எல்லாம் மற்றப் பக்கம். ஒருமுறை தீபாவளிக்கு வீட்டுக்கு வெளிக்கிட்டு, பஸ்ஸைத் தவறவிட்டு, வண்டில் பிடித்து, அது அச்சு முறிந்து, கடைசியில் நான் போய்ச் சேர்ந்தபோது வீட்டில் பலகாரச் சட்டி கழுவிக் கவிழ்த்திருந்தது. புதுச்சேலையோடு புழுதியில் நின்ற என்னைப் பார்த்து அம்மா சிரித்த சிரிப்பு இன்னும் காதில் கேட்கிறது.

அதற்குப் பிறகு என்னைத் திருத்தியவள் பிலோமினா. என்னோடு அதே பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவள். அவளுடைய வீட்டில்தான் நான் தங்கியிருந்தேன். முல்லைத்தீவுக் கரையில் பிறந்தவள். கணவன் அந்தோனி அங்கே கடற்றொழில் செய்து, கிழமைக்கு ஒருமுறை மீனோடு வந்து போவார். அவளுடைய குசினிச் சுவரில், அடுப்புக்கு மேலே, கோயில் பஞ்சாங்கமும் மாதா படம் போட்ட கலண்டரும் ஒரே ஆணியில் தொங்கும். "உங்கட சாமியும் எங்கட மாதாவும் ஒரே கிழமையில றோட்டுக்கு வந்தா நாங்கள் வீட்டில இருக்கவேணும்," என்பாள். எந்த நாளில் பஸ் நெரியும், எந்த நாளில் யன்னலோரம் இருந்து போகலாம் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். கடல் பார்க்கிற குடும்பத்தில் பிறந்தவள் றோட்டையும் அப்படித்தான் பார்த்தாள்.

ஒரு வருஷம் அவள் பிள்ளைத்தாச்சியாக இருந்தாள், முதல் பிள்ளை. வயிற்றில் பிள்ளை குறுக்கே கிடக்கிறது, பிள்ளைப்பேற்று நோ வருமுன்னமே யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும் என்று மருத்துவிச்சி அம்மா சொல்லியிருந்தா. பிலோமினா சுவரில் பஞ்சாங்கத்தைப் பார்த்தாள். பொங்கல் சனம் கிளம்ப இன்னும் ஒரு கிழமைக்கு மேல் இருந்தது. அதற்கு முந்திய வெள்ளிக்கிழமைக் காலை பஸ்ஸில் பரந்தன், அங்கிருந்து ரயில். அந்தோனி ஆஸ்பத்திரிக்கு நேரே வந்துவிடுவார், துணைக்கு நான். இதைவிட ஒழுங்காக ஒரு பயணத்தை யாராலும் திட்டம்போட முடியாது. அதை நான் இன்றைக்கும் சத்தியம் செய்து சொல்வேன்.

வெள்ளிக்கிழமை பஸ் வரவில்லை.

அடுத்ததும் வரவில்லை. கடைசியில் தேத்தண்ணிக் கடைக்காரர்தான் சொன்னார்: புதுச் சந்தைக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்ட மந்திரி வருகிறார், பஸ்ஸெல்லாம் கூட்டத்துக்கு ஆள் ஏற்றப் போய்விட்டது. அடுத்த கிழமைக்கு வைத்திருந்த விழாவை மந்திரியின் வசதிக்காக முதல்நாள் பின்னேரம்தான் முன்னுக்கு இழுத்தார்களாம். தோரணம் கட்டுகிறவனுக்கு அறிவித்தார்கள், மேளகாரருக்கு அறிவித்தார்கள். றோட்டில் போக வேண்டியவர்களுக்கு அறிவிக்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

புளியமரத்தின் கீழே பெட்டியின் மேல் இருந்த பிலோமினாவுக்கு அப்போதுதான் நோ தொடங்கியது. சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டிருந்ததைப் பார்த்துத்தான் எனக்கு விளங்கியது.

அந்த நேரம் தண்ணீரூற்றுக் கிராமத்து மீரான் நானாவின் லொறி வந்தது. நெல் வியாபாரி, ஊரில் எல்லோருக்கும் நானா, அதாவது அண்ணன்; பரந்தனுக்குப் போய்க்கொண்டிருந்தார். நான் றோட்டின் நடுவே போய் நின்றேன். அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. வெறும் சாக்குகளை விரித்து, "ஏறு பிள்ளை, தங்கச்சியை மெல்லப் பிடி," என்றார்.

ஊர் எல்லையில் றோட்டுக்குக் குறுக்கே மந்திரிக்குக் கட்டிய வளைவு நின்றது. கமுகு மரமும் வாழைக்குற்றியும் கட்டி, மேலே கடதாசிக் கோபுரம் வைத்திருந்தார்கள். மந்திரியின் கார் நுழையும் உயரம்தான். நானாவின் லொறிக்கு இரண்டு பக்கமும் உயர்ந்த மரத்தட்டி, அது நுழையாது. சுற்றிப் போகவும் வழியில்லை, றோட்டின் இரு கரையிலும் ஆழமான வாய்க்கால். வளைவின் கீழே எங்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கொடிகளோடு வெயிலில் வரிசையாக நின்றார்கள். வரவேற்புக் குழுத் தலைவர் எங்கள் தலைமை ஆசிரியர்தான். பட்டு வேட்டி, சால்வை, கையில் மாலை.

"சேர், ஒரு பக்கக் கயிற்றை மட்டும் அவிழ்த்துவிடுங்கோ. பிலோமினாவுக்கு நோ தொடங்கிட்டுது," என்றேன்.

"மந்திரி இப்ப வந்திடுவார் பிள்ளை. கொஞ்சம் பொறுங்கோ."

"பிள்ளை குறுக்க கிடக்குது சேர்."

"இதை அவிழ்த்தா திருப்பிக் கட்டேலுமே? ஊர் மானம் என்னாகிறது?"

லொறியின் தட்டியைப் பிடித்து எழும்பி பிலோமினா எட்டிப் பார்த்தாள். முகமெல்லாம் வியர்வை. "சேர், நான் பிலோமினா. உங்கட ரெண்டாம் வகுப்பு ரீச்சர்."

"தெரியும் பிள்ளை, தெரியும். அதுதான் சொல்லுறன், பொறுங்கோ."

அந்தத் "தெரியும்" என்ற சொல்லை நான் இதுவரை மன்னிக்கவில்லை. அவளைத் தெரியாதவர் சொல்லியிருந்தால் ஒருவேளை மறந்திருப்பேன்.

பொறுத்தோம். மந்திரி வரவில்லை. வெயில் உச்சிக்கு ஏறியது, கொடி பிடித்திருந்த ஒரு சிறுமி மயங்கி விழுந்தாள். அவளைத் தூக்கிக்கொண்டு போனார்கள், வரிசையைக் கலைக்கவில்லை. லொறிக்குள் பிலோமினா செபம் சொல்லிக்கொண்டிருந்தாள். பிறகு செபம் நின்று வெறும் முனகலாக மாறியது.

மீரான் நானா இறங்கிப் போனார். "மாஸ்டர், நான் இடிச்சுக்கொண்டு போகப்போறன். பிள்ளையளை ஒதுக்குங்கோ."

"போய்ப் பாரும். பொலிசில குடுப்பன்."

"குடுங்கோ."

பிள்ளைகளை ஒதுக்கியது நான்தான். என் சத்தத்துக்கு அவர்கள் பழக்கப்பட்டவர்கள், ஒரே ஓட்டமாக விலகினார்கள். லொறி ஊர்ந்து போனது. கமுகு சடசடவென்று முறிந்தது, கடதாசிக் கோபுரம் எங்கள் தலையில் விழுந்தது. மாவிலையும் கொடியும் தட்டியில் சிக்கி, லொறியோடு இழுபட்டு வந்தன.

கொஞ்சத் தூரம் போக, எதிரே மோட்டார் சைக்கிளில் வந்த பொலிஸ்காரன் லொறியை ஓரம்கட்டச் சொன்னான். கார் வரிசை முடியுமட்டும் அசையக்கூடாதாம். நின்றோம். புழுதியைக் கிளப்பிக்கொண்டு கார்கள் போயின. ஒரு காரின் யன்னலால் வெள்ளை உடுப்புப் போட்ட மனிதர் எங்கள் தோரணங்களைப் பார்த்தார். தன்னை வரவேற்க வந்தவர்கள் என்று நினைத்திருக்க வேண்டும். எங்களைப் பார்த்துச் சிரித்துக் கும்பிட்டார்.

பரந்தனில் ரயில் போய்விட்டிருந்தது. நானா நிற்கவேயில்லை. ஆனையிறவைத் தாண்டி யாழ்ப்பாணம் வரைக்கும் ஓட்டினார். பிலோமினாவைக் காப்பாற்றினார்கள். பிள்ளை உயிரோடு வரவில்லை. ஆண் பிள்ளை. வாசலில் காத்திருந்த அந்தோனியின் கையில் வெள்ளைத் துணியில் சுற்றிக் கொடுத்தார்கள். அந்த மனிதன் அதை எப்படிப் பிடிப்பதென்று தெரியாமல் நின்ற நிலையை நான் எழுதப்போவதில்லை.

நானாவுக்கு வழக்குப் போட்டார்கள். பொதுச் சொத்துக்குச் சேதமாம்! வாழைக்குற்றி எப்போது பொதுச் சொத்தானது? அவருடைய லொறி பொலிஸ் வளவில் வெயிலிலும் மழையிலும் கிடந்தது. தலைமை ஆசிரியருக்குப் பெரிய பள்ளிக்கூடத்துக்கு மாற்றம் கிடைத்தது. போகுமுன் அவர் பிலோமினாவைப் பார்க்க வந்தார். கதிரையில் அமர்ந்து தேத்தண்ணி குடித்துவிட்டு, "எல்லாம் கடவுளின்ர செயல் பிள்ளை," என்றார்.

"கடவுள் தோரணம் கட்டேல்ல, சேர்," என்றாள் பிலோமினா. அவர் குடித்த கோப்பையை அவர் முன்னாலேயே எடுத்துப்போய் முற்றத்தில் கவிழ்த்தாள்.

பிறகு அவள் கரைக்கே மாற்றம் கேட்டுப் போய்விட்டாள். அங்கும் யாராவது பெரியவர் வந்தால் தன் வகுப்பை மட்டும் வெயிலுக்கு அனுப்பமாட்டாள் என்று கேள்விப்பட்டேன். அதற்காகப் பேச்சும் வாங்கினாளாம். வேறு பிள்ளைகள் பிறக்கவில்லை. அவளும் அந்தோனியும் இருந்த தெருவை, அவர்களோடு சேர்த்து, சுனாமி கொண்டுபோனது. பிள்ளையைப் புதைத்த சேமக்காலையில் அவனுக்கு நட்ட சின்னச் சிலுவை நின்ற இடமும் இப்போது மணல்தான்.

மீரான் நானாவின் கதை வேறு. தொண்ணூறில், போர் நடுவே, வடக்கில் இருந்த முஸ்லிம்கள் எல்லோரையும் இயக்கம் வெளியேறச் சொன்னபோது அவரும் போனார். முதிர்ந்த வயதில், ஒரு பையோடு. புத்தளத்தில், ஓலைக் கொட்டில் ஒன்றில் கண்மூடி மௌத்தானார் என்று பிந்தித்தான் எனக்குத் தெரியவந்தது. பேரப்பிள்ளைகளில் ஒருவன் திரும்பி வந்து காணியைத் தேடினானாம். எல்லைக் கல்லும் இல்லை, வீடும் இல்லை. கிணறு மட்டும் பற்றைக்குள் தூர்ந்து கிடந்ததாம். அது எங்கள் கிணறுதானா என்று அவன் கேட்டபோது, ஓம் என்று சொல்ல அந்த ஊரில் அவரை அறிந்த ஒருவர்கூட மிஞ்சியிருக்கவில்லை.