தோள் தட்டும் பார்பிரே

என் அத்தை பார்பிரே ஒரு தட்டு தட்டினால் அட்லாண்டிக் கடல்மேல் படுத்திருக்கும் மூடுபனி எழுந்து அமெரிக்கா பக்கம் ஓடிவிடும். மாலையில் வாசற்படியில் நின்று, வகுப்பு விட்டு வரும் பிள்ளைகளின் தோள்களை ஒவ்வொன்றாய்த் தட்டுவாள். "உம்மேல என்ன இருக்கு?"

பசி இருக்கிறது, குளிர் இருக்கிறது, சந்தோஷம் இருக்கிறது என்று ஐரிஷில் சொன்னால்தான் உள்ளே விடுவாள். எங்கள் மொழியில் பசியும் பயமும் ஆளுக்குள் இருப்பதில்லை; மேலே வந்து உட்காரும். கோடையில் மொழி படிக்க டப்ளினிலிருந்து எங்கள் கடலோரக் கானமாராவுக்கு வந்து அத்தை வீட்டில் தங்கும் பிள்ளைகள் இவர்கள். ஆங்கிலம் பேசினால் அடுத்த பஸ்ஸில் வீடு.

ஒரு சொல்லை மட்டும் அத்தை யாருக்கும் கற்றுத்தர மாட்டாள்: ஊக்னஸ். தனிமை என்று பொருள். ஆளில்லாத வீட்டில் யாரோ இருப்பதுபோல முதுகு சில்லிடுமே, அதற்கும் இதுதான் பெயர். கல்லறைக்கு எங்கள் சொல் ஊய். அதன் வயிற்றில் பிறந்தது இது என்பாள். இல்லவே இல்லை என்று மொழி வகுப்பு வாத்தியார் அடித்துச் சொல்வார். ஆனால் இருட்டுமுன் எங்கள் வீட்டைவிட்டுக் கிளம்பிவிடுவார்.

"அதை அடுத்தவங்களுக்கு எடுத்துக் கொடுக்கக் கூடாதுடி. சுமக்கிறவன் தானாச் சொன்னா இறங்கிடும். நாம சொன்னா நம்ம மேல ஏறிக்கும்" என்பாள் அத்தை.

இந்தக் கோடைப் பிள்ளைகளில் லோர்கன், தன் வீட்டில் அடம்பிடித்து இங்கே வந்தவன். வந்தது முதல் ரொட்டியைத் தொடவில்லை, வாயையும் திறக்கவில்லை; அவனை மட்டும் அத்தை பதில் கேட்காமலே உள்ளே விட்டுவந்தாள். தெரிந்த மொழியில் சொன்னால் பஸ். சொல்ல வேண்டிய மொழியிலோ அவனிடம் சொல் இல்லை. இன்னும் ஒரு நாள் சாப்பிடாவிட்டால் திருப்பி அனுப்புவதாகப் பள்ளியிலிருந்து சொல்லிவிட்டார்கள்.

அதனால் நேற்று, அவன் வரும் வழியில் கூரை போன வீட்டுக்குள் பதுங்கி, மூடுபனிக்குள்ளிருந்து பேய்க்குரலில் அழுதேன்: "தா ஊக்னஸ் ஒரம்." என்மேல் தனிமை இருக்கிறது.

லோர்கன் வெளுத்த முகத்தோடு வாசலில் நின்று, அதே வார்த்தைகளை அதே இழுவையோடு சொன்னான். அத்தை அவன் தோளைத் தட்டி, இறங்கியது வெளியே போகட்டும் என்று பின்கதவைத் திறந்துவிட்டாள். அவன் சாப்பிட்டான், மறுபடியும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். நான் ரொம்ப நல்ல பிள்ளையாக உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தேன்.

அத்தை என் பக்கம் குனிந்தாள். "கத்தினது நீதான்னு தெரியும். உன்கூடச் சேர்ந்து கத்தினது யாருடி?"

எதிரொலி என்றேன்.

"கூரையில்லாத வீட்டிலயா?"

அத்தை நிமிர்ந்தாள். என் பக்கத்தில் இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டு, அதற்கு முன்னாலும் ஒரு கோப்பையில் தேநீர் ஊற்றி வைத்தாள்.