நைனாவின் நெஞ்சுச் சூடு

1. யாருடன் போவது

ஆம்புலன்ஸ் கிளம்பத் தயாராக நின்றது. உள்ளே ஸ்டிரெச்சரில் அமுலு நினைவில்லாமல் கிடந்தாள். எட்டாம் மாதத்தில் பிபி ஏறி, கை கால் இழுத்து, வலிப்பு வந்துவிட்டது. அவளைக் காப்பாற்ற உடனே பிரசவம் பார்க்க வேண்டியிருந்தது. குழந்தை பிறந்த பிறகும் அவள் கண் திறக்கவில்லை. திருப்பதி பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பும்படி டாக்டரம்மா சொல்லிவிட்டார்.

குழந்தை எங்கள் வார்டில் துணிப் பொதிக்குள் இருந்தது. ஒன்றரைக் கிலோ கூட இல்லாத பெண் குழந்தை. அதைச் சூடாக வைத்துக்கொண்டு போகும் வசதி அந்த வண்டியில் கிடையாது. மூச்சு சீராக இருந்ததால் நாங்களே வைத்துப் பார்ப்பது என்று முடிவானது.

அமுலுவின் புருஷன் முனிரத்தினம் வண்டியின் பின்படியில் ஒரு காலும் தரையில் ஒரு காலுமாக நின்றான்.

"நான் எங்க போவட்டும் சிஸ்டர்? அவகூடப் போவட்டுமா, புள்ளகிட்ட இருக்கட்டுமா? நீங்களே சொல்லுங்க."

சித்தூர் மாவட்டத்தில் ஒரு சிறிய அரசு ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டு ஸ்டாஃப் நர்ஸாக இருந்தேன். எத்தனையோ பேர் எத்தனையோ கேட்டிருக்கிறார்கள். இப்படி யாரும் கேட்டதில்லை. பதில் சொன்னது அமுலுவின் அக்கா சரோஜா. அவள் ஏற்கெனவே வண்டியில் ஏறித் தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"இவகூட நான் கீறேன் தம்பி. நீ புள்ளயப் பாரு. கண்ணு முழிச்சா மொதல்ல அதத்தான் கேப்பா."

அவன் படியிலிருந்து காலை எடுத்தான். வண்டி ரோட்டில் திரும்பி மறையும் வரை அதே இடத்தில் நின்றான்.

2. ஆம்பளைங்க உள்ள வரக்கூடாது

அப்போது பெங்களூரில் கண்ணாடி ஆபீஸ்கள் மளமளவென்று எழுந்துகொண்டிருந்தன. எங்கள் பாலசமுத்திரம் பக்கத்து ஊர்களிலிருந்து நிலமில்லாத வீட்டுப் பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக அங்கே கட்டட வேலைக்குப் போனார்கள். முனிரத்தினம் கம்பி கட்டுகிறவன். பெண்டாட்டிக்கு முடியவில்லை என்று தகவல் கிடைத்ததும், வேலைச் சட்டையோடு பஸ் ஏறி வந்திருந்தான்.

குழந்தையைச் சூடாக வைக்கும் வார்மர் மிஷின் வார்டில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதில் மூச்சுத் திணறும் குழந்தை ஒன்று ஏற்கெனவே படுத்திருந்தது. கரண்ட்டும் போய்ப்போய் வரும். நான் பொதியை விலக்கி அமுலுவின் குழந்தையின் பாதத்தைத் தொட்டுப் பார்த்தேன். ஜில்லென்று இருந்தது.

புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளுக்காக இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். மாதம் நிறையாத குழந்தைக்கு உடம்பில் கொழுப்பு கிடையாது, சூடு தங்காது. சூடு இறங்கினால் பால் இழுக்காது, சர்க்கரை குறையும், மூச்சு தவறும். உலகம் முழுக்கப் பச்சைக் குழந்தைகள் சாவதற்கான காரணங்களில் குறைமாதப் பிறப்பு முன்வரிசையில் நிற்கிறது. அதில் பல குழந்தைகளைக் கொண்டுபோவது பெரிய வியாதி எதுவும் இல்லை, குளிர்தான்.

கொஞ்ச காலம் முன்புதான் நான் திருப்பதியில் ஒரு பயிற்சிக்குப் போய் வந்திருந்தேன். கொலம்பியா என்ற நாட்டில் இன்குபேட்டர் போதாமல், டாக்டர்கள் குழந்தைகளைத் தாயின் வெறும் நெஞ்சில் கட்டிவைத்துக் காப்பாற்றிய கதையைச் சொன்னார்கள். கங்காரு கேர் என்று பெயர். தாய் பக்கத்தில் இல்லாவிட்டால் என்ன செய்வது என்று ஒருத்தி கேட்டாள். "உடம்பில் சூடுள்ள யாராக இருந்தாலும் சரி" என்றார் பயிற்சி தந்த டாக்டர்.

நான் முனிரத்தினத்தை உள்ளே கூப்பிட்டேன். வாசலிலேயே எங்கள் இன்சார்ஜ் சிஸ்டர் மறித்துக்கொண்டார்.

"மொகவாள்ளு லோபலிக்கி ராகூடது! ஆம்பளைங்க உள்ள வரக்கூடாதும்மா, உனக்குத் தெரியாதா? பால் குடுக்கிற பொம்பளைங்க படுத்திருக்காங்க."

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. சத்தம் கேட்டு டாக்டரம்மா வந்தார். குழந்தையின் பாதத்தைத் தொட்டார்.

"மூலையில ஸ்க்ரீன் கட்டுங்க சிஸ்டர். மொதல்ல புள்ள சூடாகட்டும். ரூலப் பத்தி அப்புறம் பேசலாம்."

ஸ்க்ரீனுக்குப் பின்னால் நாற்காலி போட்டேன். முனிரத்தினம் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"வேணாம் சிஸ்டர். கம்பி புடிச்ச கை இது. சொரசொரன்னு கீது. புள்ளயக் கீறிடும்."

"கையால தூக்க வேணாம்பா. நானே வெக்கிறேன். நீ நெஞ்ச மட்டும் குடு. சட்டையக் கழட்டு."

"சட்டையா? இங்கியா? பொம்பளைங்க கீறாங்களே."

சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று பொத்தான்களைக் கழற்றினான். சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தான். குல்லாவும் சாக்ஸும் போட்ட குழந்தையை நெஞ்சு நடுவில் குப்புற வைத்து, தலையை ஒரு பக்கமாகத் திருப்பி, பழைய நூல்புடவையால் இருவரையும் சேர்த்துக் கட்டினேன். அவன் சிலை மாதிரி உட்கார்ந்திருந்தான். முகம் சிவந்துகொண்டே வந்தது.

"மூச்சு வுடலாமா சிஸ்டர்?"

"வுடுப்பா. நல்லா வுடு. அது உன் மூச்சக் கேட்டுத்தான் மூச்சு வுடணும்."

காபி வேளைக்குள் குழந்தையின் பாதம் வெதுவெதுப்பானது. பக்கத்துக் கட்டில் தாய் ஒருத்தி, டாக்டரம்மா கேட்டதும் தன் பாலைப் பிழிந்து தந்தாள். அதைப் பாலாடைக் கிண்ணத்தால் சொட்டுச் சொட்டாக ஊட்டினேன்.

அடுத்து வந்த நாட்களில் ஸ்க்ரீனுக்குப் பின்னாலிருந்து முனிரத்தினம் மகளோடு பேசுவது கேட்டுக்கொண்டே இருக்கும். அப்பாவை எங்கள் பக்கம் நைனா என்பார்கள். "நைனா கட்டுன பில்டிங்கு பெங்களூர்ல கீது. எல்லாம் கண்ணாடி. உன்னக் கூட்டிக்கினு போயி காட்டறேன். வாச்மேன் உள்ள வுடமாட்டான். ரோட்டுல நின்னு பாக்கலாம்." தாய்மார்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள்.

ஒரு மதியம், எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அந்தக் குரல் மாறியது.

"சிஸ்டர்! புள்ள மூச்சு வுடல சிஸ்டர்!"

ஓடினேன். குழந்தையின் உதடு நீலம் பாரித்திருந்தது. புடவையைத் தளர்த்தி, கழுத்தை நேராக்கி, உள்ளங்காலைச் சுண்டினேன். அசைவில்லை. முதுகைத் தேய்த்து மறுபடி சுண்டினேன். ஒரு விக்கல் வந்தது. பிறகு பூனைக்குட்டி போல ஓர் அழுகை. நிறம் மெல்லத் திரும்பியது.

அந்த வயதுக் குழந்தைகள் மூச்சு விடவே மறந்துவிடுவது உண்டு. துணிப் பொதியில் தனியே கிடந்திருந்தால் எங்களில் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. அவன் நெஞ்சில் இருந்ததால், அந்தச் சின்ன முதுகு ஏறி இறங்குவது நின்றதை அவன் உடம்பு கண்டுபிடித்துவிட்டது.

இன்சார்ஜ் சிஸ்டர் தன் மேஜைக்குப் பின்னாலிருந்த சாய்வு நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்து ஸ்க்ரீனுக்குள் போட்டுவிட்டுப் போனார்.

3. அவள் நம்பவில்லை

ஆஸ்பத்திரி எதிரே ஒரு எஸ்டிடி பூத். திருப்பதியிலிருந்து சரோஜா அங்கேதான் போன் செய்வாள். அமுலு கண் விழித்துவிட்டாள், பேசுகிறாள் என்று சேதி வந்ததும் முனிரத்தினம் குழந்தையின் குல்லாவில் முகம் வைத்துக்கொண்டான். ஆனால் அடுத்த போனை நான் எடுத்தபோது சரோஜாவின் குரல் வேறு மாதிரி இருந்தது.

"சோறு துன்ன மாட்டேங்கிறா சிஸ்டர். புள்ள செத்துப்போச்சு, நீங்கல்லாம் சேந்து மறைக்கிறீங்கன்னு அழுதுக்கினே கீறா."

என் வாரலீவில் திருப்பதி பஸ் ஏறினேன். அமுலு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். முகமெல்லாம் வீக்கம். நான் இன்னார் என்று சொன்னேன். குழந்தை நன்றாக இருக்கிறது, எடை ஏறுகிறது என்றேன்.

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க" என்றாள். திரும்பவில்லை.

மூக்கு அவளுடையது மாதிரி என்றேன். பால் குடிக்கும்போது நெற்றியைச் சுருக்கும் என்றேன். எதுவும் பலிக்கவில்லை. கடைசியில், "உன் வூட்டுக்காரர் சட்டையக் கழட்டிட்டு, பொம்பளைங்க வார்டுல, புள்ளய நெஞ்சுல கட்டிக்கினு உக்காந்துனு கீறாரும்மா" என்றேன்.

மெல்லத் திரும்பினாள்.

"எங்க வூட்டுக்காரரா? எங்கக்கா எதிர்லயே சட்டையில்லாம நிக்கமாட்டாரே."

"மொதல்ல சுவத்தப் பாத்துத்தான் கழட்டினாரு."

அமுலு சிரித்தாள். உதடு வெடித்திருந்ததால் வலித்தது போலும், கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்படியே அழத் தொடங்கினாள். "அப்ப நெசம்தான் அக்கா. அவரு அப்படித்தான் கழட்டுவாரு." சரோஜா அவசரமாகச் சாதத்தைப் பிசைந்தாள்.

4. இடம் மாறியது

அமுலு திரும்பி வந்த அன்று கட்டிலோரம் உட்கார்ந்து, குழந்தையைத் தொடாமல் பார்த்துக்கொண்டே இருந்தாள். தொட்டால் உடைந்துவிடுமோ என்ற பயம். முனிரத்தினம்தான் சொல்லித் தந்தான்.

"தலைய இப்படி ஒரு பக்கமா வையி. கழுத்து மடங்கக் கூடாது. கால மடக்கி வையி, தவள மாரி. பயப்படாத. அது புடிச்சிக்கும்."

அந்தச் சொரசொரத்த விரல்கள் முடிச்சை அவிழ்த்து, குழந்தையை அவள் மார்புக்கு மாற்றி, மறுபடி கட்டின. குழந்தை கொஞ்சம் நெளிந்தது, முனகியது, பிறகு அடங்கித் தூங்கிவிட்டது. அமுலு கண்ணை மூடிக்கொண்டாள்.

முனிரத்தினம் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டான். பொத்தான் போடவில்லை. வெறும் நெஞ்சைக் கையால் தடவியபடி நின்றான். இத்தனை நாளும் கண் கலங்காதவன், வராண்டாவுக்குப் போய்த் தூணில் சாய்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதான். நான் போகவில்லை. இன்சார்ஜ் சிஸ்டர்தான் ஒரு டம்ளர் டீயோடு போய் அவன் பக்கத்தில் நின்றார்.

பின்னால் எங்கள் ஆஸ்பத்திரிக்கும் வார்மர்கள் வந்தன, குழந்தைகளுக்கென்று தனி வார்டு வந்தது. முன்பு இழந்த மாதிரிக் குழந்தைகளை இழக்கவில்லை. மிஷின்கள் எங்களுக்கு எவ்வளவோ உதவின, மறுக்கவில்லை. ஆனாலும் நான் கற்றுக்கொண்டது இதுதான்: குழந்தையைப் பிழைக்க வைக்கத் துடிக்கும் ஓர் ஆளை, ஆண் என்ற காரணத்துக்காக வாசலில் நிறுத்தி வைத்திருந்தோம். நான் ரிட்டயர் ஆகும் வரை, குறைமாதக் குழந்தை பிறந்தால் வார்டு வாசலுக்குப் போய் முதலில் அப்பாவைத்தான் தேடுவேன். பெரும்பாலும் எனக்கு முன்பே இன்சார்ஜ் சிஸ்டர் அங்கே நின்று, கூட்டத்தைப் பார்த்து அதட்டிக்கொண்டிருப்பார்:

"எவரய்யா நாயனா? யாருப்பா அப்பா? உள்ள வா. சொக்கா விப்பு! சட்டையக் கழட்டு!"