சின்னம்மா கேட்ட மருந்து

கஞ்சிப் பானை கவிழ்ந்து என் வலது கால் வெந்தபோது வீட்டில் எல்லோருக்கும் இருந்த ஒரே ஆறுதல், என்னைச் சேர்த்த ஆஸ்பத்திரியில் சின்னம்மா நேர்ஸ் வேலை பழகிக்கொண்டிருந்ததுதான். வெள்ளைக்காரன் ஆண்ட காலம். கொழும்பு கொட்டாஞ்சேனையில் எங்கள் ஒழுங்கையிலிருந்து வெள்ளை உடுப்புப் போட்டு வேலைக்குப் போன முதல் பெண், அம்மாவின் தங்கையான அவர். இனி எனக்கு என்ன குறை என்று நினைத்தார்கள்.

குறை அங்கேதான் தொடங்கியது. "அழுது குளறிச் சின்னம்மான்ர மானத்தை வாங்கிப்போடாதை" என்று சொல்லிவிட்டு அம்மா வீட்டுக்குப் போனார். நானும் அழவில்லை. தினமும் காலையில் புண்ணில் ஒட்டிய துணியை உரிக்கும்போது உயிர் போய் வரும். பக்கத்துக் கட்டில் தெஹிவளைப் பையன் கெட்டிக்காரன். வார்டே அதிரக் கத்துவான். உரிக்குமுன் அவனுக்கு நோவுக்கு மருந்து கொடுப்பார்கள். எனக்குக் கிடைத்தது வார்டின் தலைமை நேர்ஸான சிஸ்டரின் பாராட்டு. சத்தம் போடாத பிள்ளைக்கு நோவில்லை என்பது அங்கே எல்லோரும் படித்த பாடம். சின்னம்மாவும் அதை நம்பிப் பூரித்துப்போனார்.

ஒருநாள் அவரே துணியை உரித்தார். பாதியில் என் முகத்தைப் பார்த்துக் கையை எடுத்துவிட்டார். நான் கடித்த கடியில் உதடு கிழிந்து ரத்தம் வந்துகொண்டிருந்தது.

"நோகுதோ, ராசா?"

"இல்லை."

அவர் முகம் வெளிறியது. நேரே சிஸ்டரிடம் போனார். பழகுகிற நேர்ஸ் சிஸ்டரோடு எதிர்த்துக் கதைக்கிற வழக்கம் அங்கே இல்லை. சிஸ்டர் இங்கிலீஷில் சீறினார். சொந்தக்காரப் பிள்ளைக்குச் சலுகையா என்று கேட்டாராம். அது எனக்குப் பிறகு தெரிந்தது.  ஆனாலும் சின்னம்மா, மருந்து கொடுக்காமல் துணியைத் தொடமாட்டேன் என்று நின்றுவிட்டார். மருந்து வந்தது. அன்று முதல் எனக்கும் ஒவ்வொரு காலையும் வந்தது.

அடுத்த நாள் சின்னம்மா வரவில்லை. வேறு வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். மருந்து கேட்டதற்கான தண்டனை அது என்று எனக்கு யார் சொல்வார்கள்? ரத்தம் காட்டி மானத்தை வாங்கிவிட்டேன், அதனால் கோபித்துக்கொண்டு போய்விட்டார் என்றே நினைத்தேன். பின்னேரம் அம்மா பார்க்க வந்தபோது, அத்தனை நாளும் அடக்கியதெல்லாம் சேர்த்துக் குளறி அழுதேன்.

"எங்கையடா நோகுது?" என்று அம்மா பதறினார்.

காலைக் காட்டினேன். அன்றைக்கு அதில் நோவே இருக்கவில்லை.