சாமிக்கா, தலைக்கா?

பத்து நாட்களுக்கு முன், காலை காபிகூடக் குடிக்காமல் மொட்டை மாடியில் நின்று ஒரு கத்து கத்தினேன். மனைவி வளர்மதி மாவுக் கையோடு படியேறி ஓடி வந்தார். என் செல்போன் மறுபடியும் டேங்க்கில் விழுந்துவிட்டது என்று நினைத்தாராம்.

“மொட்டு” என்றேன். ஒரு தொட்டியைக் காட்டினேன்.

வெறும் மண் என்று வீடே முடிவு கட்டியிருந்த தொட்டி அது. அதன் நடுவில் விரல் பருமனுக்கு ஒரு தண்டு... இலை இல்லை, கிளை இல்லை, நேராக மொட்டோடு வந்து நிற்கிறது. எப்படிக் கத்தாமல் இருப்பது?

போன வருஷம் காளவாசலில் ஒரு நர்சரியில் வாங்கிய ஃபுட்பால் லில்லி கிழங்கு. பார்க்கப் பெரிய வெங்காயம் மாதிரி இருக்கும். வருஷத்துக்கு ஒரே தடவை, கோடையில், உருண்டையாக, செக்கச் செவேலென்று பூக்கும். வாங்கிய வருஷம் இலை மட்டும்தான் வந்தது.

வளர்மதியின் அண்ணன் மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் கடை வைத்திருக்கிறார். அவரிடம் செல்லில் பூவின் படத்தைக் காட்டினேன்.

“மாப்ள, இது சாமிக்கா, தலைக்கா?” என்றார்.

இரண்டுக்கும் இல்லை. மணமும் கிடையாது, சரமாகக் கட்டவும் வராது என்றேன்.

“அப்ப எதுக்கு மாப்ள?”

மல்லிகை ஊரில் இருந்துகொண்டு இதற்கு என்ன பதில் சொல்ல? இங்கே பூவுக்கு இரண்டே விலாசம்தான். வளர்மதியும் அண்ணன் கட்சி.

மார்கழியில் இலைகள் பழுத்துச் சாய்ந்தன. கிழங்கு தூங்கப் போகும் காலம் அது. தண்ணீரை நிறுத்திவிட வேண்டும், ஊற்றினால் அழுகிவிடும். நிழலில் வைத்து, சும்மா விட்டுவிட வேண்டும். அம்புட்டுத்தான் பராமரிப்பு!

ஆனால், சும்மா விடுவது நம்மால் ஆகிற காரியமா? பராமரிப்பு என்றாலே நமக்கு ஊற்றுவது, ஊட்டுவது, தட்டி எழுப்புவதுதானே. படிக்கிற பிள்ளையைக்கூட ‘படிக்கிறியா?’ என்று கேட்டுக் கெடுப்பவர்கள் நாம். மாடிக்குப் போகும்போதெல்லாம் என் கை வாளியைத் தேடியது.

இதற்கிடையே வளர்மதி கெடு வைத்தார். “வெறும் மண்ணுக்கு இம்புட்டுப் பெரிய தொட்டியா? கத்திரி வெயில் முடியட்டும். பூக்கலைன்னா புதினா வச்சிருவேன்.”

சும்மா மிரட்டல் இல்லை. சமையலறை ஜன்னலில் ஒரு கண்ணாடி டம்ளரில் புதினாத் தண்டுகள் ரெடியாக நின்றன. நாளுக்கு நாள் அவற்றுக்கு வேர் நீண்டது.

ஒருநாள் பொறுக்க முடியாமல் ஸ்பூனால் மண்ணைக் கிளறி, கிழங்கு உயிரோடு இருக்கிறதா என்று பார்த்தேன். பின்னாலேயே வளர்மதியின் குரல்...

“தூங்குறதத் தோண்டி எடுத்துத் தூங்குதான்னு பாப்பாங்களா?”

ஸ்பூனைப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

கத்திரி முடியப் போகிற சமயம், ஒரு சாயங்காலம் மழை வெளுத்து வாங்கியது. கோடை மழை பட்டால்தான் கிழங்கு விழிக்கும் என்று, தொட்டியை நிழலிலிருந்து இழுத்து மழையில் வைத்தேன். அதற்குப் பிறகுதான் அந்த மொட்டும், என் கத்தலும்.

அப்புறம் வீட்டில் எனக்கு வேறு பேச்சே இல்லை. மொட்டு மெல்ல விரிந்தது. நூறு சிவப்பு ஊசிகளைச் சேர்த்துச் செய்த பந்து போல முழுசாக நின்றபோது, நாற்காலியைத் தூக்கி வந்து அதன் முன்னால் போட்டு உட்கார்ந்துவிட்டேன். வளர்மதி இரண்டு பேர் காபியையும் மாடிக்கே கொண்டுவந்தார். குடித்து முடித்தும் கீழே இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மச்சினர் மல்லிகைப் பையோடு வந்தார். மாடிக்கு அழைத்துப் போனோம். சுற்றிச் சுற்றிப் பார்த்தார். குனிந்து மோந்தும் பார்த்தார்.

“நல்லாத்தான் இருக்கு. ஆனா எதுக்கு ஆகும்?”

இந்தத் தடவை பதில் சொன்னது வளர்மதி.

“பாக்குறதுக்குண்ணே.”

புதினாவுக்கும் இடம் கிடைத்துவிட்டது. என் பழைய ஹெல்மெட்டை மல்லாக்கப் போட்டு, அடியில் ஓட்டை போட்டு, மண்ணை நிரப்பி வளர்மதி அதில் நட்டுவிட்டார். ஒரே ஒரு கண்டிஷன்தான் — ஸ்பூனோடு நான் அந்தப் பக்கம் போகக் கூடாது!