சேற்றில் நின்ற படகில் ஓர் இன்டர்வியூ

வீட்டிலிருந்து தப்பிக்க உங்களுக்கு ஒரே ஒரு வேலைதான் வழி, அதன் கடைசி இன்டர்வியூ இன்று சாயங்காலம் ஐந்து மணிக்கு வீடியோ காலில் என்றால், மத்தியானம் மீன் பிடிக்கப் போவீர்களா? நான் போனேன்.

சுங்கை பினாங்கில் எங்கள் ஃப்ளாட்டில் இரண்டே அறை. ஒன்றில் அண்ணனும் அண்ணியும். இன்னொன்றில் அம்மா, நான், அண்ணன் மகள் குட்டி. டிகிரி முடித்து வந்தும் கட்டிலில் எனக்குப் பாதிதான், மீதி குட்டியின் பொம்மைகளுக்கு. வேலை கிடைத்தால் கே.எல்., அதாவது கோலாலம்பூர் ஆபீஸ். கே.எல். என்றால் தனி அறை, உள்ளேயிருந்து பூட்டிக்கொள்ளக் கூடிய கதவு. எனக்கு வேண்டியது அந்தக் கதவு, அவ்வளவுதான்.

அன்றைக்குக் காலையிலிருந்தே ரகளை. அம்மா நிமிடத்துக்கு ஒரு தரம் வந்து திருநீறு பூசுகிறாள். குட்டி டிவியோடு சேர்ந்து கத்துகிறாள். ஏப்ரல் கடைசி வெக்கை வேறு. அண்ணனுக்கு ஃபேக்டரியில் புதன்கிழமைதான் லீவ். லீவ் என்றால் படகு.

"வா பாப்பா, தலை கொஞ்சம் கூலாகும். மூணரைக்கெல்லாம் வீட்ல இருப்ப."

"தண்ணி எப்படிண்ணே?"

"போன புதன் இதே நேரம் ஏறிக்கிட்டு இருந்துச்சு லா. இன்னைக்கும் ஏறும்."

வாரத்துக்கு ஒரே நாள், அதுவும் ஒரே கிழமையில் கடலுக்குப் போகிறவனுக்கு மட்டுமே வரக்கூடிய தப்பு இது. கடல் ஏறி இறங்கும் நேரம் ஒவ்வொரு நாளும் முக்கால் மணி, ஒரு மணி என்று தள்ளிப்போகும். ஒரு வாரத்தில் எல்லாம் தலைகீழ். போன புதன் ஏறிய நேரத்தில் இந்தப் புதன் இறங்கும். பௌர்ணமி ஒட்டிய நாள் என்றால் அடி தெரியும்வரை இறங்கும்.

கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் படகை நிறுத்தி, உயிர் இறாலைக் கொக்கியில் மாட்டிப் போட்டோம். ஒன்றும் கடிக்கவில்லை. கிளம்பலாம் என்று மோட்டாரைப் போட்டபோது பின்னால் தண்ணீர் மைலோ கலரில் கொப்பளித்தது. அண்ணன் கோலை ஊன்றித் தள்ளினான். கோல்தான் உள்ளே போனது. படகு சாவகாசமாகச் சேற்றில் உட்கார்ந்தது.

நான் ஒரு காலை வெளியே வைத்தேன். தொடைவரை இழுத்தது. செருப்பு போயே போச்சு.

"ஏறுடி உள்ள! செம்பிலாங் மீனு முள்ளு குத்துச்சுன்னா இன்டர்வியூ ஹாஸ்பிட்டல்லதான்!"

"நீதானண்ணே தண்ணி ஏறும்னு சொன்ன!"

"ஏறும். இன்னைக்கு லேட்டா ஏறும்."

கரைப் பாறைகளில் தூண்டில் போட்டிருந்தவர்களுக்கு இதைவிட நல்ல சினிமா கிடைக்காது. ஒருவர் எழுந்து நின்று கத்தினார்: "தம்பி, பார்க்கிங் சூப்பர் லா! கூப்பன் வச்சீங்களா?"

மணி நாலரை. சுற்றிலும் பளபளவென்று சேறு. கொஞ்சம் தள்ளி, ஆறு கடலில் சேரும் வாய்க்காலில் மட்டும் தண்ணீர். சும்மா இருக்க முடியாத அண்ணன் தூண்டிலை அங்கே வீசிவிட்டு, மாற்றிக்கொள்ள வைத்திருந்த காலர் சட்டையை என்னிடம் நீட்டினான். டீ-ஷர்ட்டுக்கு மேலேயே போட்டுக்கொண்டேன். ஃபேக்டரி பெயர் தைத்த பாக்கெட்டைப் போன் ஸ்கிரீனுக்குக் கீழே தள்ளினேன். ஐஸ் பெட்டியின் வெள்ளை மூடியை என் தலைக்குப் பின்னால் சுவர் மாதிரிப் பிடித்துக்கொண்டு அவன் குத்தவைத்தான்.

"ஆடாதண்ணே. செவுரு ஆடாது."

ஐந்து மணிக்குப் போனில் மூன்று பேர் வந்து கேள்வி கேட்டார்கள். எல்லாம் இங்கிலீஷில். நன்றாகத்தான் போனது. சேறு நாறியது, வியர்வை கண்ணில் இறங்கியது, நான் சிரித்துக்கொண்டே டீம்வொர்க் பற்றிப் பேசினேன். அப்போது தூண்டிலின் ரீல் அலறியது.

அண்ணன் ஒரு நொடி தாங்கினான். சத்தியமாகத் தாங்கினான். அப்புறம் மூடியைப் போட்டுவிட்டுத் தூண்டிலின் மேல் பாய்ந்தான். சுவர் விழுந்ததும் எனக்குப் பின்னால் வானம், சேறு, தூரத்தில் பினாங்குப் பாலம், இவனுடைய முதுகு.

இனிமேல் என்ன பொய் சொல்ல? உள்ளதைச் சொன்னேன். படகு சேற்றில், நான் படகில், அது என் அண்ணன். அவர்களில் மூத்தவரான மேடம் கண்ணில் நீர் வரச் சிரித்தார். மீனைக் காட்டச் சொன்னார். அண்ணன் கை நீளத்துக்கு ஒரு சியாக்காப் மீனைத் தூக்கிக் காட்டினான்.

"ஹலோ மேடம்! மை சிஸ்டர் வெரி குட், மேடம்!"

லைன் இவ்வளவு தெளிவாக இருக்கிறதே என்று மேடம் ஆச்சரியப்பட்டார். சும்மா இருந்திருக்கலாம். வாய் இருக்கிறதே. எங்கே உட்காரவைத்தாலும் வேலை செய்வேன் மேடம், இடம் எனக்கு ஒரு விஷயமே இல்லை என்று அடித்துவிட்டேன். அவர் தலையாட்டிக்கொண்டே எதையோ எழுதிக்கொண்டார்.

இன்டர்வியூ முடிந்தும் படகு நகரவில்லை. இருட்டும்வரை உட்கார்ந்திருந்தோம். பாலத்தில் பஸ்கள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன, எல்லாமே கே.எல். போகிற மாதிரி இருந்தது.

"கிடைச்சிரும் பாப்பா," என்றான் அண்ணன்.

கிடைத்தது. வெள்ளிக்கிழமை மெயில் வந்தது. வேலை உறுதி, வாழ்த்துகள். எங்கிருந்தும் வேலை செய்ய முடியும் என்று நீங்கள் அழகாக நிரூபித்துவிட்டதால், கே.எல்.லுக்கு மாறி வரத் தேவையில்லை, வீட்டிலிருந்தே செய்யலாம்.

அம்மா சந்தோஷத்தில் அழுதுவிட்டாள். "பாத்தியா, எல்லாம் அந்த மீனு கொடுத்த லக்கு," என்றான் அண்ணன். குட்டி என் பக்கத்துத் தலையணையில் இன்னொரு பொம்மையைப் படுக்கவைத்தாள்.

இதை அதே கட்டிலில் உட்கார்ந்துதான் டைப் செய்கிறேன். இன்றைக்குப் புதன். மீட்டிங் தொடங்கப் போகிறது, குட்டி என் சார்ஜர் மேல் உட்கார்ந்திருக்கிறாள்.